வரி குறையக் குறைய ஏறிய கோபம்: அமெரிக்கக் காலனிகள் போருக்குப் போனது எப்படி?

2026 ஜூலை 4 அன்றோடு அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்துக்கு 250 ஆண்டு நிறைகிறது. இதையொட்டி வரும் கட்டுரைகளிலும் வீடியோக்களிலும் கதை பெரும்பாலும் இப்படித்தான் போகிறது: இங்கிலாந்து வரி போட்டது, பாஸ்டன்காரர்கள் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள், சண்டை மூண்டது, நாடு பிறந்தது. பரீட்சைக்கு இது போதும். நெருங்கிப் பார்த்தால் இடிக்கிறது.

1765-ல் போட்ட முத்திரை வரி ஒழுங்காக வசூலாகவே இல்லை. ஒரே ஆண்டில் ரத்தானது. 1767-ல் ஐந்து சரக்குகள் மீது போட்ட வரியில் நான்கை 1770-ல் எடுத்துவிட்டார்கள். 1773-ன் தேயிலைச் சட்டத்தால் தேயிலை விலை குறையத்தான் போகிறது. போதாக்குறைக்கு, இங்கிலாந்தில் இருந்தவர் கட்டிய வரியோடு ஒப்பிட்டால் காலனிக்காரர் கட்டியது மிகக் கொஞ்சம். அப்படியென்றால் எட்டு ஆண்டுப் போர் எதற்கு?

சண்டை வரித் தொகையைப் பற்றியது இல்லை, யார் சொல் செல்லும் என்பதைப் பற்றியது. லண்டன் ஒவ்வொரு முறை இறங்கிவந்தபோதும் "உரிமை எங்களுடையதே" என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டே இறங்கிவந்தது. எதிர்ப்பைக் காட்ட என்று கிளம்பிய கமிட்டிகளோ, முதல் துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே அரசாங்கம் நடத்தத் தொடங்கிவிட்டன. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும்.

முதலில் அடிப்படை

1. காலனிகள்: வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரம் வரிசையாக இருந்த 13 பிரிட்டிஷ் குடியேற்றங்கள். 1775 வாக்கில் மக்கள்தொகை ஏறக்குறைய 25 லட்சம். அதில் ஐந்தில் ஒரு பங்கு அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள்.

2. சட்டசபை: ஒவ்வொரு காலனிக்கும் சொத்துள்ள ஆண்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒரு சபை இருந்தது. உள்ளூர் வரியைப் போடுவது இதன் வேலை.

3. கவர்னர்: பெரும்பாலான காலனிகளில் இவர் அரசர் அனுப்பிய ஆள். ஆனால் பல இடங்களில் இவருக்குச் சம்பளம் கொடுப்பது சட்டசபை. பின்னால் வரும் தகராறில் பாதி இந்தச் சம்பள விஷயத்திலிருந்து கிளம்பியது.

4. பார்லிமென்ட்: லண்டனில் இருந்தது. இதில் காலனிகளுக்கு ஒரு உறுப்பினர்கூடக் கிடையாது. சரக்கு எங்கே போக வேண்டும், எந்தக் கப்பலில் போக வேண்டும் என்று வணிகத்தை ஒழுங்குபடுத்த அது சட்டம் போட்டுவந்தது. காலனிகளுக்குள்ளேயே கைவிட்டு நேரடியாக வருமானம் எடுக்க அது முயன்றதில்லை.

இந்த ஏற்பாடு ஏட்டில் ஒருவிதமாகவும் நடைமுறையில் வேறுவிதமாகவும் இருந்தது. கடல் கடந்து ஒரு கடிதம் போய்ச் சேரவே ஒன்றிரண்டு மாதம் ஆகும் காலம். சுங்க அதிகாரிகள் கண்டும் காணாமலும் இருந்தார்கள், கடத்தல் ஒரு தொழிலாகவே நடந்தது. இரு தரப்புக்கும் இது சௌகரியமாக இருந்ததால், அதிகாரம் கடைசியில் யாரிடம் என்ற கேள்வியை யாரும் அழுத்திக் கேட்கவில்லை.

1763: ஜெயித்த போருக்கு வந்த பில்

பிரான்சுடன் நடந்த ஏழாண்டுப் போர் 1763-ல் முடிந்தது. கனடா பிரிட்டன் கைக்கு வந்தது. கூடவே, ஏறக்குறைய இரட்டிப்பாகி 13 கோடி பவுண்டைத் தொட்ட தேசியக் கடனும் வந்தது. புதிதாகக் கிடைத்த நிலப்பரப்பைக் காக்க அமெரிக்காவில் சுமார் 10,000 வீரர்களை நிறுத்துவது என்று லண்டன் முடிவெடுத்தது. அந்தச் செலவில் ஒரு பங்கை அங்குள்ளவர்களே கொடுக்கட்டும் என்பது பிரதமர் ஜார்ஜ் கிரென்வில்லின் கணக்கு. லண்டனில் உட்கார்ந்து பார்த்தால் இதில் அநியாயம் எதுவும் தெரியாது.

காலனிகளில் கணக்கு வேறாக இருந்தது. வடக்கே மிரட்டிக்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரன் போய்விட்டான், பிறகு யாரிடமிருந்து காக்க இந்தப் படை? அதே ஆண்டு அரசரின் ஆணை ஒன்று அப்பலாச்சியன் மலைத்தொடருக்கு மேற்கே குடியேறக் கூடாது என்றது. பூர்வகுடிகளோடு ஓயாத சண்டைக்குச் செலவழிக்க லண்டனுக்கு மனமில்லை, காரணம் அவ்வளவுதான். ஆனால் அந்த நிலத்தை எதிர்பார்த்துப் பணம் போட்டிருந்த வர்ஜீனியாப் பணக்காரர்களுக்கு இது வயிற்றில் அடித்ததுபோல் ஆயிற்று. ஜார்ஜ் வாஷிங்டனும் அவர்களில் ஒருவர்.

1764-ல் சர்க்கரைச் சட்டம் வந்தது. சர்க்கரைப்பாகு மீதான வரியை இது ஒரு கேலனுக்கு ஆறு பென்னியிலிருந்து மூன்றாகக் குறைத்தது. குறைத்த வரியை இனிமேல் உண்மையிலேயே வசூலிப்பது என்றும் முடிவாயிற்று. பிடிபட்டவர்களின் வழக்கு ஜூரி (ஊர்க்காரர்களிலிருந்து எடுத்த நடுவர் குழு) இல்லாத கடற்படை நீதிமன்றத்துக்குப் போகும். வரி பாதியாகக் குறைந்து கோபம் கூடிய முதல் இடம் இது.

முத்திரை வரி: எல்லாரையும் ஒன்றாகச் சீண்டிய சட்டம்

முத்திரைத்தாள் என்றால் என்னவென்று நமக்குத் தெரியும்: பத்திரம் எழுத, ஒப்பந்தம் போட. 1765-ன் சட்டம் இதை எங்கெல்லாம் கொண்டுபோனது என்று பாருங்கள். பத்திரம், உயில், கோர்ட்டு மனு, கப்பல் சீட்டு, செய்தித்தாள், பஞ்சாங்கம், சீட்டுக்கட்டு வரை எல்லாவற்றுக்கும் முத்திரை. ஒரு சீட்டுக்கட்டுக்கு ஒரு ஷில்லிங், தாயக்கட்டைக்குப் பத்து ஷில்லிங், கல்லூரிப் பட்டத்துக்கு இரண்டு பவுண்டு.

இது இவ்வளவு பெரிய கொந்தளிப்பானதற்குக் காரணங்கள் உண்டு.

1. முந்தைய சுங்க வரிகள் துறைமுகத்து வியாபாரியை மட்டும் தொட்டன. இது வக்கீல், பத்திரிகைக்காரர், மதுக்கடைக்காரர் எல்லாரையும் தொட்டது. ஊரில் சத்தமாகப் பேசத் தெரிந்தவர்களும் அச்சுக்கூடம் வைத்திருந்தவர்களும் ஒரே நாளில் எதிரிகளானார்கள். ஒரு அரசாங்கம் இதைவிடத் தப்பாக ஆள் பார்த்திருக்க முடியாது.

2. வரியைப் பிரிட்டிஷ் நாணயத்தில் கட்ட வேண்டும். காலனிகளில் அது எப்போதும் தட்டுப்பாடு. அதற்கு முந்தைய ஆண்டுதான் காலனிகள் வெளியிட்டுவந்த காகிதப் பணத்துக்கும் பார்லிமென்ட் கட்டுப்பாடு போட்டிருந்தது.

3. இது வணிகத்தை ஒழுங்குபடுத்தும் வரி என்று சாக்குச் சொல்லவே முடியாது. வருமானத்துக்காக, சட்டசபையைத் தாண்டி, நேராக மக்கள் பையில் கைவைத்த வரி.

மூன்றாவதுதான் அடிமடி. "எங்கள் பிரதிநிதி இல்லாத சபை எங்களுக்கு வரி போடக் கூடாது" என்றார்கள் காலனிக்காரர்கள். லண்டன் சொன்ன பதில்: மான்செஸ்டர், பர்மிங்ஹாம்காரர்களுக்கும்தான் தனி உறுப்பினர் இல்லை; பார்லிமென்ட் உறுப்பினர் ஒவ்வொருவரும் எல்லாப் பிரஜைகளுக்கும் பிரதிநிதி. இங்கிலாந்தில் இது எடுபட்டிருக்கலாம். நூறு ஆண்டுக்கும் மேலாகத் தங்கள் ஊர் ஆளைத் தாங்களே அனுப்பிப் பழகிய மாசசூசெட்ஸ் காலனிக்காரனிடம் எடுபடவில்லை.

தெருவில் நடந்தது இன்னும் வேகமாக இருந்தது. 1765 ஆகஸ்ட் 14 அன்று மாசசூசெட்ஸின் துறைமுக நகரான பாஸ்டனில் முத்திரை விநியோகஸ்தர் ஆண்ட்ரூ ஆலிவரின் உருவபொம்மை ஒரு எல்ம் மரத்தில் தொங்கியது. பன்னிரண்டு நாள் கழித்துத் துணை கவர்னர் தாமஸ் ஹட்சின்சனின் வீட்டைக் கூட்டம் சூறையாடியது. நவம்பர் 1-ல் சட்டம் அமலுக்கு வருவதற்குள் ஜார்ஜியா தவிர மற்ற இடங்களில் முத்திரை விற்க ஆளே இல்லை, எல்லாரும் ராஜினாமா. அக்டோபரில் ஒன்பது காலனிகளின் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடினார்கள். ஒருவரை ஒருவர் நம்பாத காலனிகள் லண்டனின் அனுமதி கேட்காமல் கூடிப் பேசியதே பெரிய விஷயம்.

பிரிட்டிஷ் சரக்கை வாங்க மாட்டோம் என்ற புறக்கணிப்பு லண்டன் வியாபாரிகளைக் கடித்தது. அவர்களே நெருக்கி, 1766 மார்ச்சில் சட்டத்தை ரத்து செய்யவைத்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். அதே மூச்சில் பார்லிமென்ட் இன்னொரு சட்டம் போட்டது: காலனிகளுக்கு "எந்த விஷயத்திலும்" சட்டம் போடும் அதிகாரம் தனக்கு உண்டு என்ற அறிவிப்புச் சட்டம். அமெரிக்காவில் அன்று மணியடித்துக் கொண்டாடினார்கள். இந்த இரண்டாவது தாளைப் பலர் பொருட்படுத்தவில்லை.

சம்பளம் யார் கொடுப்பது?

1767-ல் நிதியமைச்சர் சார்லஸ் டவுன்ஷெண்ட் கண்ணாடி, ஈயம், பெயின்ட், காகிதம், தேயிலை ஆகியவற்றுக்கு இறக்குமதி வரி போட்டார். உள்நாட்டு வரிதானே வேண்டாம் என்றீர்கள், இது துறைமுக வரி என்பது அவர் சாமர்த்தியம். வரி சின்னதுதான். அந்தப் பணம் எதற்குப் போகும் என்பதில் விஷயம் இருந்தது: கவர்னர்களுக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளம் கொடுக்க. சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் சட்டசபைகள் கவர்னரைக் கட்டுப்படுத்திவந்தன. அந்தப் பிடி போய்விட்டால் சபை வெறும் பேச்சு மேடை.

மறுபடி புறக்கணிப்பு. இங்கிலாந்துத் துணி வேண்டாம் என்று பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து ராட்டையில் நூல் நூற்றார்கள். படிக்கும் நமக்கு வேறொரு நாட்டின் வேறொரு காலம் நினைவுக்கு வரும். 1768-ல் பாஸ்டனில் ராணுவம் இறங்கியது. 1770 மார்ச் 5 இரவு, பனிக்கட்டியும் வசவும் எறிந்த கூட்டத்தின்மீது வீரர்கள் சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள். அந்த வீரர்களுக்காகக் கோர்ட்டில் வாதாடியவர் ஜான் ஆடம்ஸ், பிற்பாடு அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி. பெரும்பாலானோர் விடுதலையானார்கள். சட்டத்தின் வழி அன்று இன்னும் திறந்திருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

அதே மார்ச் 5 அன்று லண்டனில் பிரதமர் நார்த் பிரபு டவுன்ஷெண்ட் வரிகளை நீக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். தேயிலை வரியை மட்டும் விட்டுவைத்தார். அதுவும் வருமானத்துக்காக இல்லை, உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று காட்ட.

தேயிலை: கம்பெனியைக் காப்பாற்றப் போய்

இந்த இடத்தில் கதை நம் பக்கம் திரும்புகிறது. 1770-ன் வங்காளப் பஞ்சத்துக்குப் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் நிதிநிலை ஆட்டம் கண்டது. லண்டன் கிடங்குகளில் ஏழாயிரம் டன்னுக்கு மேல் தேயிலை விற்காமல் கிடந்தது. அது சீனத் தேயிலை. இந்தியாவில் அப்போது தேயிலைத் தோட்டம் கிடையாது. அமெரிக்கர்களோ டச்சுக்காரர்களிடமிருந்து கடத்திவந்த தேயிலையைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

1773-ன் தேயிலைச் சட்டம் கம்பெனிக்கு இரண்டு சலுகை தந்தது. லண்டன் ஏலத்தில் விற்காமல் நேராக அமெரிக்காவுக்கு அனுப்பலாம். இங்கிலாந்தில் கட்டிய வரி திரும்பக் கிடைக்கும். தேயிலை கடத்தல் சரக்கோடு போட்டிபோடும் அளவுக்கு மலிவாகும். அமெரிக்காவில் கட்ட வேண்டிய மூன்று பென்னி வரி மட்டும் அப்படியே இருக்கும்.

இதில் மூன்று கோபங்கள் ஒன்று சேர்ந்தன. கடத்தல் வியாபாரிகளுக்குப் பிழைப்பு போயிற்று. நேர்மையான வியாபாரிகளும் ஓரங்கட்டப்பட்டார்கள், ஏனென்றால் விற்கும் உரிமை கம்பெனி பொறுக்கிய சிலருக்கு மட்டும். பாஸ்டனில் அந்தச் சிலரில் இரண்டு பேர் இப்போது கவர்னராகிவிட்ட ஹட்சின்சனின் மகன்கள். அரசியல் தெரிந்தவர்கள் பார்த்தது வேறு: மலிவைக் காட்டி வரியை விழுங்கவைக்கும் தூண்டில் இது. வங்காளத்தில் கம்பெனி என்ன செய்தது என்ற செய்தியும் அமெரிக்கப் பத்திரிகைகளில் அடிபட்டது, அடுத்தது நாமா என்ற பயத்தோடு.

நியூயார்க்கும் பிலடெல்பியாவும் கப்பலைத் திருப்பி அனுப்பிவிட்டன. சார்ல்ஸ்டனில் சரக்கை இறக்கிக் கிடங்கில் பூட்டினார்கள். பாஸ்டனில் மட்டும், வரி கட்டாமல் கப்பல் வெளியேறக் கூடாது என்று ஹட்சின்சன் பிடிவாதமாக நின்றார். வரி கட்டும் கெடு முடிவதற்கு முந்தைய இரவு, 1773 டிசம்பர் 16 அன்று, மூன்று கப்பல்களில் இருந்த 340-க்கு மேற்பட்ட பெட்டிகள் கடலுக்குப் போயின. ஏறக்குறைய 10,000 பவுண்டு மதிப்புள்ள சரக்கு.

1774: தண்டனையும், இடம் மாறிய அதிகாரமும்

லண்டன் பொறுமை இழந்தது. 1774-ல் வந்த தண்டனைச் சட்டங்கள் நஷ்டஈடு கட்டும்வரை பாஸ்டன் துறைமுகத்தை மூடின. மாசசூசெட்ஸின் சாசனத்தையே திருத்தி, மேலவை உறுப்பினர்களை அரசர் நியமிப்பார், ஜூரிகளை கவர்னர் நியமிக்கும் அதிகாரியான ஷெரிப் பொறுக்குவார், ஊர்க்கூட்டம் ஆண்டுக்கு ஒன்றுதான் என்றாக்கின. தேயிலையைத் தொட்டே இராத உள்நாட்டு விவசாயிக்கும் இப்போது அடி விழுந்தது.

அந்த விவசாயிகள் செய்ததைத்தான் நான் இந்தக் கதையின் திருப்பம் என்பேன், தேயிலையை அல்ல. 1774 செப்டம்பர் 6, வூஸ்டர் நகரம். புதிய சட்டத்தின் கீழ் அன்று கோர்ட்டு கூட வேண்டும். 37 ஊர்களிலிருந்து 4,622 பேர் தத்தம் ஊர்ப் படையாக வந்து தெருவின் இரு பக்கமும் வரிசையாக நின்றார்கள். தலையை எண்ணி எழுதிவைத்தார்கள், அதனால் எண்ணிக்கை இவ்வளவு துல்லியம். நீதிபதிகளும் அதிகாரிகளும் ஒரு சத்திரத்தில் அடைந்து கிடந்தார்கள். கடைசியில் அவர்கள் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த வரிசைகளுக்கு நடுவே நடந்தார்கள். புதிய சட்டப்படி பதவி வகிக்க மாட்டோம் என்ற வாக்குமூலத்தை, பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்க வேண்டுமென்று, நடக்க நடக்கத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். ஒரு குண்டு வெடிக்கவில்லை. கோர்ட்டு கூடவில்லை. சில வாரங்களில் பாஸ்டனுக்கு வெளியே மாசசூசெட்ஸில் அரசரின் அதிகாரம் ஏறக்குறைய எங்கும் இல்லை.

அப்புறம் நடந்தது வேகம். செப்டம்பரில் பிலடெல்பியாவில் 12 காலனிகளின் பிரதிநிதிகள் சபையான முதல் காங்கிரஸ் கூடியது; ஜார்ஜியா வரவில்லை. ஒட்டுமொத்தப் புறக்கணிப்பை அறிவித்து, அதைக் கண்காணிக்க ஊருக்கு ஊர் கமிட்டி அமைக்கச் சொன்னது. யார் கடையில் என்ன சரக்கு என்று கமிட்டிகள் சோதித்தன, மீறியவர் பெயரைப் பத்திரிகையில் போட்டன. மாசசூசெட்ஸில் தனி மாகாணக் காங்கிரஸ் உருவாகி, வரியை அரசரின் பொக்கிஷதாரரிடம் கட்டாமல் தான் நியமித்தவரிடம் கட்டச் சொன்னது. வரி வேண்டாம் என்று தொடங்கியவர்கள் வரி வசூலிக்கும் இடத்துக்கு வந்துவிட்டார்கள். ஒரே மண்ணில் இரண்டு அரசாங்கம் இருந்தால் சண்டை வர அதிக நாள் ஆகாது.

போருக்கும் சுதந்திரத்துக்கும் நடுவே 14 மாதம்

1775 ஏப்ரல் 19 அன்று, பாஸ்டனுக்கு அருகே காங்கர்டில் காலனிக்காரர்கள் பதுக்கியிருந்த ஆயுதங்களைக் கைப்பற்றச் சுமார் 700 பிரிட்டிஷ் வீரர்கள் போனார்கள். வழியில் லெக்சிங்டனில் எட்டு உள்ளூர்க்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். முதல் குண்டு யாருடையது என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை. திரும்பும் வழியெல்லாம் சுவருக்கும் மரத்துக்கும் பின்னாலிருந்து அடி விழுந்தது. பிரிட்டிஷ் தரப்பில் செத்தவரும் காயம்பட்டவரும் காணாமல் போனவரும் சேர்த்து 270-க்கு மேல்.

போர் தொடங்கிவிட்டது. ஆனாலும் சுதந்திரம் வேண்டும் என்று காங்கிரஸ் இன்னும் சொல்லவில்லை. பார்லிமென்டும் மந்திரிகளும் கெட்டவர்கள், அரசர் நல்லவர், அவர் காதுக்கு விஷயம் போனால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பலருக்கு இருந்தது. அது உடைந்த வழி இது:

1. 1775 ஜூலையில் காங்கிரஸ் அனுப்பிய சமாதான மனுவை மூன்றாம் ஜார்ஜ் வாங்கவே மறுத்தார். ஆகஸ்டில் காலனிகள் கலகத்தில் இருப்பதாகப் பிரகடனம் செய்தார்.

2. நவம்பரில் வர்ஜீனியா கவர்னர் டன்மோர், கலகக்காரர்களின் அடிமைகள் தம் படையில் சேர்ந்தால் விடுதலை என்றார். அதுவரை ஊசலாடிய தெற்கத்திய தோட்ட முதலாளிகள் பலர் எதிர்ப்பக்கம் சாய்ந்தார்கள்.

3. டிசம்பரில் பார்லிமென்ட் காலனிகளின் கப்பல்களை எதிரிநாட்டுக் கப்பல்போல் பிடிக்கலாம் என்றது. ஜெர்மானியக் கூலிப்படை வருகிறது என்ற செய்தியும் வந்தது.

4. 1776 ஜனவரியில் தாமஸ் பெய்னின் 'காமன் சென்ஸ்' துண்டுநூல், அதுவரை யாரும் தொடாத அரசரையே நேராகத் தாக்கியது.

5. பிரான்சின் உதவி தேவை. ஒரு நாட்டின் உள்வீட்டுச் சண்டைக்குள் இன்னொரு அரசர் ஒப்பந்தம் போட்டு வர மாட்டார். தனி நாடு என்றால் வரலாம்.

1776 ஜூலை 2-ல் சுதந்திரத்துக்காகக் காங்கிரஸில் வாக்கெடுப்பு, ஜூலை 4-ல் பிரகடனம். அதில் 27 குற்றச்சாட்டுகள். எல்லாம் "அவர்" என்று அரசரைச் சுட்டுகின்றன, பார்லிமென்ட் என்ற சொல்லே இல்லை. சம்மதமில்லாத வரி பதினேழாவதாக, ஒரே வரியில் வருகிறது.

அதே பட்டியலின் கடைசிக் குற்றச்சாட்டு, அடிமைகளையும் பூர்வகுடிகளையும் எங்கள்மீது ஏவினீர்கள் என்பது. மனிதர் எல்லாரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று தொடங்கிய ஆவணத்தின் பட்டியல் இப்படி முடிவதை, கொண்டாட்ட ஆண்டில் யாரும் அதிகம் படித்துக் காட்டுவதில்லை. அரசர் பக்கம் நின்று தோற்றுப்போய் வெளியேறியவர்கள் மட்டும் 60,000 பேர் இருக்கும்.

தாமதமாக வந்த விட்டுக்கொடுத்தல், கடலூரில் முடிந்த சண்டை

1777 அக்டோபரில் சரடோகாவில் ஒரு பிரிட்டிஷ் படையே சரணடைந்தது. அதன்பிறகு, 1778-ல், வருமானத்துக்காகக் காலனிகளுக்கு வரி போட மாட்டோம் என்று பார்லிமென்ட் சட்டமே இயற்றிச் சமாதானத் தூதர்களை அனுப்பியது. 1765-ல் கேட்டது இதைத்தான். காங்கிரஸ் இப்போது சுதந்திரத்தை ஒப்புக்கொள், இல்லையென்றால் படையை எடு என்றது. பிரான்சோடு பிப்ரவரியிலேயே கூட்டணி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது.

பிரான்ஸ் இறங்கியதும் சண்டை நம் கரைக்கு வந்தது. 1778 அக்டோபரில் கம்பெனிப் படை புதுச்சேரியைப் பிடித்தது. அடுத்த ஆண்டு மாஹேயையும் எடுத்தது. தனக்குத் தளவாடம் வந்துகொண்டிருந்த துறைமுகம் போனதில் கொதித்த ஹைதர் அலி 1780-ல் ஆற்காடு நவாபின் கர்நாடகப் பகுதிக்குள் (இன்றைய தமிழ்நாட்டுப் பக்கம்) இறங்கினார்; செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலுள்ள புள்ளலூரில் கம்பெனிப் படையை நசுக்கினார்.

1781 அக்டோபரில் அமெரிக்காவின் யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்தார். பிரிட்டனும் பிரான்சும் 1783 ஜனவரியில் முதற்கட்டச் சமாதானத்தில் கையெழுத்திட்டன. செய்தி இங்கே வந்துசேராததால் ஜூன் மாதம் கடலூர்க் கோட்டையைச் சுற்றி இரு நாட்டுப் படைகளும் மோதிக்கொண்டிருந்தன. மாதக் கடைசியில் கப்பல் செய்தி கொண்டுவந்த பிறகே முற்றுகை நின்றது. ஒப்பந்தப்படி புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பிப் போனது. யார்க்டவுனில் தோற்ற கார்ன்வாலிஸ் 1786-ல் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தா வந்து இறங்கினார்.